கதவில் ஒட்டியுள்ள என் படத்தை எடுக்கக் கோரி

அனுப்புநர்
சலவைக் கிடங்குப் பணியாளர்
(முன்னர் பச்சிளங்குழந்தைப் பிரிவு உதவியாளர்),
அரசு மகப்பேறு மருத்துவமனை,
பழைய கட்டடம், தரைத்தளம்.

பெறுநர்
கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு மகப்பேறு மருத்துவமனை,
புதிய கட்டடம், முதல் தளம்.

பொருள்: குற்ற வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்ட பணியாளருக்கு இழப்பீடு – நேர்ந்த இழப்பு என்ன என்று தங்கள் அலுவலகம் கேட்டது – பதில் அளித்தல் – பச்சிளங்குழந்தைப் பிரிவின் கதவிலுள்ள என் படத்தை அகற்றி உள்ளே செல்ல அனுமதி வேண்டுதல் – மிக அவசரம் – தொடர்பாக.

பார்வை: 1. என்னை விடுதலை செய்து நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு.
2. “இழப்பைத் தெளிவாகக் குறிப்பிட்டு விண்ணப்பிக்கவும்” என்ற தங்கள் அலுவலகக் கடிதம்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். தாங்கள் இந்த மருத்துவமனையின் பொறுப்பை ஏற்று அதிக காலம் ஆகவில்லை என்பதால் என்னைத் தங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் என் முகம் தெரிந்திருக்கும். மூன்றாம் தளத்தில் பச்சிளங்குழந்தைப் பிரிவின் கண்ணாடிக் கதவில், ‘காலணியைக் கழற்றவும்’ என்ற அறிவிப்புக்கும் ‘கை கழுவவும்’ என்ற அறிவிப்புக்கும் நடுவில் ஒட்டியிருக்கும் படம் என்னுடையது. அதன் கீழே ‘இந்த நபரை உள்ளே அனுமதிக்கக் கூடாது’ என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். என் பணி அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது. அதில் நான் முறைத்துக்கொண்டிருக்கிறேன். படம் பிடித்தவர் சிரிக்கக் கூடாது என்றார். இத்தனை வருடம் ஊரே பார்க்கப் போகிறது என்று தெரிந்திருந்தால், அவர் பேச்சைக் கேட்காமல் அன்றைக்கே சிரித்து வைத்திருப்பேன்.

அந்தப் படம் தொடர்பாகவும், தங்கள் அலுவலகம் என்னிடம் கேட்ட கேள்வி தொடர்பாகவும் கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

1. இந்தப் பிரிவில் நான் உதவியாளராகச் சேர்ந்தபோது என் மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய காலம்வரை அங்கேயே இருந்தேன். துணி மாற்றுவது, தரை துடைப்பது, பால் கிண்ணங்களைக் கொதிநீரில் போட்டு எடுப்பது, மருந்துக் கிடங்குக்கு ஓடுவது ஆகியவை என் பணிகள். இவற்றோடு எந்த உத்தரவிலும் எழுதப்படாத ஒரு பணியும் எனக்கு இருந்தது. நாள் நிறையாமல் பிறக்கும் குழந்தைகளின் உடம்பில் சூடு தங்காது. வெப்பப் பெட்டி போதாத நேரங்களில் பெரியவர் ஒருவர் தம் வெறும் நெஞ்சோடு குழந்தையை ஒட்டவைத்து, துணியால் கட்டி, மேலே சட்டையை மூடிக்கொண்டு மணிக்கணக்கில் சுமப்பார். ‘கங்காரு’ என்று வார்டில் சொல்வோம். முதலில் தாய். தாயால் முடியாவிட்டால் தந்தை. இருவரும் இல்லாத நேரத்தில், வார்டில் யாருக்குக் கை ஒழிகிறதோ அவர்.

எனக்கு இயற்கையிலேயே சூட்டு உடம்பு. எந்தக் குளிரிலும் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்குகிறவன். வீட்டில் அதற்காகத் திட்டு வாங்கினேன். வார்டில் அதற்காகவே என்னைத் தேடினார்கள். செவிலியர்கள் ‘அடுப்பண்ணன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். “அடுப்பண்ணா, மூணாவது பெட்டிக் கொழந்த சில்லுன்னு இருக்கு, வாங்க” என்று குரல் வந்தால் துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கை கழுவப் போவேன். பெற்ற தகப்பனுக்கே அவ்வளவு சின்ன உடம்பைக் கையில் வாங்க உதறல் எடுக்கும். எனக்கு ஒருநாளும் எடுத்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சிலருக்குப் பாட்டு வரும், சிலருக்குக் கணக்கு வரும், எனக்கு இது வந்தது.

2. இந்த வேலையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வழக்கு முழுவதும் அந்தப் பழக்கத்தின் மீதுதான் நின்றது என்பதால் அதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். நெஞ்சில் குழந்தை இருக்கும்போது வாயைத் திறக்க மாட்டோம். நம் குரல் நெஞ்சுக்குள் அதிரும், குழந்தை விழித்து அழும், அழுதால் உள்ள சூடும் போகும். நடையை அவசரப்படுத்த மாட்டோம். எல்லாவற்றுக்கும் மேலாக, யார் கேட்டாலும் சட்டையைத் திறந்து காட்ட மாட்டோம். அப்போதைய தலைமைச் செவிலியரை வார்டில் ‘பெரிய சிஸ்டர்’ என்போம். அவர்தான் எனக்கு இதைப் பழக்கியவர். ஒருமுறை ஒரு குழந்தையின் சித்தப்பா ஆசையாகக் கேட்டாரே என்று நான் பொத்தானில் கை வைத்ததும், “கண்ணாடிப் பெட்டிய ஊருக்கெல்லாம் தெறந்து காட்டுவியா? இப்ப உன் சட்டைதான் பெட்டி. கைய எடு” என்று அதட்டினார். அன்றிலிருந்து எனக்கு அது ஊறிப்போயிற்று.

3. சம்பவ நாளன்று பிற்பகல் எங்கள் பிரிவு இருக்கும் பழைய கட்டடத்தில் மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் இரண்டு முறை செருமிவிட்டு ஓய்ந்துவிட்டது. வந்திருந்த தாய்மார்கள் அவரவர் குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொண்டார்கள். ஓர் ஆண்குழந்தைக்கு மட்டும் ஆள் இல்லை. தாய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்து நினைவு திரும்பவில்லை. தந்தை இரத்தம் ஏற்பாடு செய்யப் போயிருந்தார். நான் கட்டிக்கொண்டேன். சிறிது நேரத்தில் குழந்தையின் உதடு நிறம் மாறத் தொடங்கியது. புதிய கட்டடத்தில் மின்சாரம் இருக்கிறது, அங்கே போனால் மூச்சுக்கும் உதவி கிடைக்கும், உடனே கொண்டுபோ என்றார் பெரிய சிஸ்டர்.

இரண்டு கட்டடங்களையும் இணைக்கும் பாதையில் அன்றுதான் புதிதாகச் சிமெண்டுத் தளம் போட்டு, குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். பின்வாசல் வழியாகத் தெருவுக்கு வந்து, தையல் கடையையும் தேநீர்க் கடையையும் தாண்டி, புதிய கட்டடத்தின் முன்வாசலில் நுழைவது தவிர வேறு வழியில்லை. அப்படித்தான் வந்தேன். பின்வாசலில் இருந்த காவலர் அந்த வாரம்தான் பணியில் சேர்ந்தவர். “அண்ணே, சட்டைக்குள்ள என்ன?” என்று கேட்டார். நான் வாயில் விரலை வைத்து, சத்தம் போட வேண்டாம் என்று சைகை காட்டி, சிரித்துவிட்டு நடந்தேன். வார்டில் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். அவர் வார்டு ஆள் இல்லை. அந்தச் சிரிப்பு பின்னர் குற்றப்பத்திரிகையில் ‘ஏளனச் சிரிப்பு’ என்று இடம்பெற்றது.

4. அவர் விசில் ஊதினார். தேநீர்க் கடையில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். நான் ஓடவில்லை, நிற்கவும் இல்லை. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்க, பொத்தான்கள் தெறித்தன. எனக்கு விழுந்த அடிகளைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, அவை ஆறிவிட்டன. அத்தனை பேர் நடுவில் சட்டை திறந்து குழந்தையின் முதுகில் காற்றுப் பட்டது. அது ஒன்றுதான் இன்றுவரை ஆறவில்லை. அப்போது மட்டும் நான் பழக்கத்தை மீறினேன். “குளுருதுங்க, மூடுங்க, மூடுங்க” என்று கத்தினேன். பயத்தில் உளறுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். தையல் கடைப் பெண்மணி ஒருவர் குழந்தையை வாங்கித் தம் மேல்துணிக்குள் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். அவருக்கு வார்டுப் பழக்கம் ஒன்றும் தெரியாது, இருந்தும் சரியாகச் செய்தார்.

குழந்தை பிழைத்தது. இதை இந்த மனுவில் மறக்காமல் சொல்லிவிட வேண்டும். அவன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

5. பச்சிளங்குழந்தையைக் கடத்த முயன்றதாக என்மீது வழக்குப் பதிவானது. பணியிலிருந்து நிறுத்தப்பட்டேன். சில வாரங்கள் சிறையில் இருந்து பிணையில் வந்தேன். துறை விசாரணையில் பெரிய சிஸ்டர், “தூக்கி வெச்சுக்கச் சொன்னேன்” என்று சொல்லி அத்தோடு நிறுத்திக்கொண்டார். எழுத்து உத்தரவு இல்லாமல் குழந்தையை வெளியே அனுப்பியது விதிமீறல். அவர் ஓய்வுபெறச் சிறிது காலமே இருந்தது. அந்த நேரத்தில் யாருக்குத்தான் பயம் வராது? எனக்குக் கோபம் வந்தது, இல்லை என்று சொன்னால் பொய். வீட்டில் அவரைப் பற்றிப் பேசக் கூடாத வார்த்தையெல்லாம் பேசியிருக்கிறேன்.

ஆனால் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல, ஓய்வுபெற்ற பிறகு, கைத்தடி ஊன்றிக்கொண்டு அவரே வந்தார். “கையெழுத்துப் போட்டு அனுப்ப நேரம் இல்லங்க. கொழந்த நீலம் பாரிச்சுட்டு இருந்துச்சு. நான்தான் கொண்டு போன்னு சொன்னேன். இவன் நான் சொன்னத மீற மாட்டான், அதான் இவன் செஞ்ச தப்பு” என்றார். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். நானும் அழுதேன். கடத்தல் முயற்சி என்று எதுவுமே நடக்கவில்லை என்றும், பணியாளர் தம் கடமையைச் செய்தார் என்றும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாட்சியம் இல்லாததால் விடுவித்தார்கள் என்று தங்கள் அலுவலகத்தில் சிலர் பேசிக்கொள்வதாக அறிகிறேன். அப்படி இல்லை. தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைத் தாங்களே ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

அந்தக் குழந்தையின் தாயும் அன்று வந்திருந்தார். அதுவரை அவர் என்னைப் பார்த்ததில்லை. “எந்தப் பக்கம் வெச்சிருந்தீங்க?” என்று மட்டும் கேட்டார். இடதுபக்கம் தொட்டுக் காட்டினேன். அந்த இடத்தையே சிறிது நேரம் பார்த்துவிட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு போனார்.

6. இழப்பைத் தெளிவாகக் குறிப்பிடும்படி தங்கள் அலுவலகம் கேட்டிருப்பதால் இனி அதற்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் என்னைக் காட்டித்தான் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டினார்கள். “சாப்பிடலன்னா அந்த மாமாகிட்ட புடிச்சுக் குடுத்துருவேன்” என்று சன்னலைக் கைகாட்டுவார்கள். பிள்ளைகளும் மளமளவென்று விழுங்கிவிடும். அந்த வகையில் பணியிலிருந்து நிறுத்தப்பட்ட காலத்திலும் குழந்தைகளின் எடை கூட நான் ஏதோ செய்துகொண்டுதான் இருந்தேன். முதலில் சிரித்துக்கொள்வேன். பிறகு ஒரு மாலை, படிக்கட்டில் தடுக்கி விழுந்த பக்கத்து வீட்டுச் சிறுமியைத் தூக்கப் போனபோது, அடிபட்ட முழங்காலோடு அவள் என்னைக் கண்டு வீறிட்டு அழுதாள். அதற்குப் பிறகு சன்னலைச் சாத்தியே வைத்தேன்.

என் மனைவி ஒரு விடுதியில் பாத்திரம் கழுவும் வேலைக்குப் போனாள். ஏற்கெனவே அவளுக்குச் சில்லென்ற கைகள். நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறி வீட்டுக்கு வந்ததும், “வெறச்சுப் போச்சு, கொஞ்சம் குடுங்க” என்று இரண்டு உள்ளங்கையையும் என் நெஞ்சில் வைத்துக்கொள்வாள். வேறு வேலை யாரும் தராத அந்த வருடங்களில் எனக்கிருந்த ஒரே பணி அதுதான். ஊர் என்ன சொன்னாலும் அவள் ஒருநாளும் “ஏங்க, நெசமா என்ன நடந்துச்சு?” என்று கேட்டதில்லை. இதை மனுவில் எழுதலாமா என்று தயங்கினேன். இழந்ததைச் சொல்லச் சொன்ன இடத்தில் இழக்காததையும் சொல்வதுதான் நேர்மை என்று படுகிறது.

7. வழக்கு நடக்கும்போதே என் மகளுக்குத் திருமணம் ஆனது. மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் இயந்திரப் பிரிவில் இருக்கிறார், தங்கமான மனிதர். எல்லாவற்றையும் அவரிடம் முன்பே சொல்லித்தான் செய்தோம். அவருடைய தாயார், அதாவது என் சம்பந்தி அம்மாள், கெட்டவர் அல்ல, பயந்தவர். என் மகள் கருவுற்றதும், “உங்கப்பா நல்லவராவே இருக்கட்டும்மா. கொழந்தைய மட்டும் அவரு தூக்க வேணாம், எனக்கு மனசு ஒப்பல” என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறார். மகள் என்னிடம் இதைச் சொல்லாமல் மறைக்கப் பார்த்தாள். அவளுக்கு மறைக்க வராது, சிறு வயதிலிருந்தே மூக்கு சிவந்துவிடும்.

தீர்ப்பு வந்ததும் அதன் நகலை எடுத்துக்கொண்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன். நாற்காலி போட்டார், தேநீர் தந்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார். பிறகு, “கோர்ட்டு சொன்னா சரிதாங்க. ஆனா போன வாரம் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போனப்ப மூணாவது மாடில உங்க படத்தப் பாத்தேனே. நீங்க வேல செஞ்ச எடமே இன்னும் நம்பல, நான் எப்படி நம்புறது?” என்றார். நியாயமான கேள்விதானே. தேநீர் ஆறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன்.

படத்தை எடுக்கும்படி அப்போதே தங்களுக்கு முன்பிருந்த கண்காணிப்பாளருக்கு மனு கொடுத்தேன். ஒட்டச் சொன்ன உத்தரவு இருக்கிறது, எடுக்கச் சொல்லும் உத்தரவு இல்லை என்று பதில் வந்தது. என்னை மீண்டும் பணியில் சேர்த்து, குழந்தைகள் கண்ணில் படாத சலவைக் கிடங்கில் போட்டார்கள். அங்கேயும் எனக்குக் குறையில்லை. மூன்றாம் தளத்துக்குப் போகும் சின்னத் துணிகளை உலர்த்தும் இயந்திரத்திலிருந்து எடுத்ததும் கம்பளிக்குள் பொதிந்து, சூடு ஆறாமல் மேலே அனுப்பி வைக்கிறேன். யார் இப்படி அனுப்புகிறார்கள் என்று அங்கே கேட்டுக்கொள்கிறார்களாம். தெரிந்தால் அதற்கும் தடை வந்துவிடுமோ என்று இதுவரை சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

8. அம்மா, மேலே உள்ளதெல்லாம் பழைய கதை. இந்த மனு அவசரம் என்பதற்குக் காரணம் இனிதான் வருகிறது. நேற்று முன்தினம் காலை என் மகளுக்கு நாள் நிறையாமலேயே, இதே மருத்துவமனையில், பெண்குழந்தை பிறந்தது. வேறு மருத்துவமனைக்குப் போகலாம் என்று எல்லோரும் சொன்னோம். “அப்பா வேல பாத்த எடத்துலதான் பெத்துப்பேன்” என்று பிடிவாதமாக இருந்தாள். என் பேத்தி இப்போது மூன்றாம் தளத்தில், அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறாள்.

தானாக மூச்சு விடுகிறாள். பால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. சூடு மட்டும் தங்கவில்லை. பெட்டிகள் எல்லாம் நிறைந்து, ஒன்றில் இரண்டு குழந்தைகள் கிடக்கின்றன. விடாமல் யாராவது நெஞ்சில் வைத்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். என் மகளுக்கு அறுவைச் சிகிச்சைக்குப் பின் கடும் காய்ச்சல்; தனி அறையில் இருக்கிறாள், குழந்தையை இன்னும் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் கப்பல் கரைக்கு வரச் சில நாட்கள் ஆகும். என் மனைவிக்கு இருமல் என்பதால் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள், அது சரியான முடிவு. மிச்சம் இருந்தவர் சம்பந்தி அம்மாள் ஒருவர்தான். அவர் நேற்று பகல் முழுவதும் சுமந்தார். இடுப்பு வலியோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் குழந்தையின் கால் சில்லென்றே இருந்தது.

இன்று காலை அவர் என்னைத் தேடிச் சலவைக் கிடங்குக்கு இறங்கி வந்தார். இத்தனை நாளும் அவர் என்னை உறவு சொல்லி அழைத்ததில்லை. ‘வாங்க’, ‘போங்க’ என்பதோடு சரி. துணி மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, “அண்ணா, என் ஒடம்பு அவளுக்குப் பத்தல. பயத்துல எனக்கே கை சில்லிட்டுப் போகுது. நீங்க வாங்கண்ணா” என்றார். நான் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவர் பின்னால் நடந்தேன்.

கதவில் காவலர் தடுத்தார். அன்று பின்வாசலில் இருந்த அதே காவலர்தான் இப்போது மூன்றாம் தளத்தில் இருக்கிறார். அவருக்கும் தலை நரைத்திருக்கிறது. “அண்ணே, நீங்க யாருன்னு எனக்கு நல்லாத் தெரியும். உத்தரவு ஒண்ணு வரட்டும், நானே கதவத் தெறக்குறேன்” என்றார். அவர்மீது இந்த மனுவில் எந்தப் புகாரும் இல்லை. அன்றும் தன் வேலையைச் செய்தார், இன்றும் செய்கிறார். சட்டைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு போகிற ஒருவனைச் சும்மா விட மாட்டார் என்பது எனக்குத்தான் நன்றாகத் தெரியும். என் பேத்தி உள்ளே இருக்கும்போது வாசலில் அவர் இருப்பது நிம்மதியாகவே இருக்கிறது.

இதன் தொடர்ச்சியாக ஒரு சிறு சம்பவம் நடந்தது. தங்களுக்கு வேறு வழியில் தெரியவருமுன் நானே சொல்லிவிடுகிறேன். சம்பந்தி அம்மாளுக்குக் கோபம் வந்து என் படத்தை நகத்தால் பிய்க்க ஆரம்பித்துவிட்டார். மேலே நன்றாகப் பசைநாடா ஒட்டியிருந்ததால் ஒரு மூலை மட்டும்தான் கிழிந்தது. அரசு அறிவிப்பைச் சேதப்படுத்தியதாக அவர்மீது நடவடிக்கை எதுவும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் குடும்பத்துக்கு ஒரு வழக்கு போதும்.

9. இழப்பீடு பற்றி: நிலுவைச் சம்பளம் விதிப்படி வரும்போது இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன். வேண்டாம் என்று சொல்கிற நிலையில் வீடு இல்லை. அது தவிர, விண்ணப்பப் படிவத்தில் ‘மன உளைச்சலுக்காகக் கோரும் இழப்பீடு’ என்று ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். “பெருசா ஒரு தொகையப் போடுங்கண்ணே, வெட்டிக் குறைச்சுப் பாதியாவது வரும்” என்று தங்கள் அலுவலக எழுத்தர் அன்போடு ஆலோசனை சொன்னார். நானும் பல நாள் யோசித்தேன். சன்னலைச் சாத்தி வைத்ததற்கு என்ன போடுவது? அந்தச் சிறுமி வீறிட்டு அழுததற்கு என்ன போடுவது? எனக்குத் தோன்றவில்லை. அந்த இடத்தை வெறுமனே விட்டுவைத்திருந்தேன். இன்று அதை நிரப்புகிறேன். அந்த இடத்தில் நான் கேட்பது:

(அ) கதவிலிருந்து என் படத்தை எடுக்க இன்றே ஆணையிட வேண்டும்.

(ஆ) என் பேத்தியின் உடம்பில் சூடு தங்கும்வரை, அவளை நெஞ்சில் சுமக்க என்னை உள்ளே அனுமதிக்க வேண்டும்.

இவை இரண்டும் கிடைத்தால் அந்தத் தலைப்பில் எனக்கு வரவேண்டியது அனைத்தும் வந்துவிட்டதாக எழுதித் தரவும் தயாராக இருக்கிறேன். பிரிவின் மருத்துவர் இன்று காலை என்னைச் சோதித்தார். சளி, காய்ச்சல், தோல் நோய் எதுவும் இல்லை என்றும், உத்தரவு இருந்தால் தமக்கு மறுப்பில்லை என்றும் கூறினார். எனக்கு வயதாகிவிட்டது உண்மை. ஆனால் நேற்றும் போர்வையை உதைத்துத் தள்ளினேன் என்று என் மனைவி திட்டினாள். ஆகவே அதில் குறைவொன்றும் ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

10. இதை எழுதும் இந்த நேரத்தில் ஒரு செவிலியர் தம் மற்ற வேலைகளுக்கு நடுவே என் பேத்தியைக் கட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பார்க்க வேண்டிய குழந்தைகள் வேறு நிறைய இருக்கின்றன. எனக்கு இந்த ஒன்றுதான். வார்டில் எவ்வளவோ பேரின் குழந்தைகளைச் சுமந்திருக்கிறேன். அப்போதெல்லாம் கண்ணாடிக்கு வெளியே யாராவது ஒரு தாத்தா நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே இருந்து தலையை ஆட்டி, பயப்படாதீர்கள் என்று சைகை செய்வேன். இன்று காலை நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா.

தங்கள் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். குளித்து, நகம் வெட்டி, துவைத்த சட்டை போட்டிருக்கிறேன். இதில் கையெழுத்துப் போட்டதும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்வேன். அதன் பிறகு உள்ளே போகும்வரை எதையும் தொடக் கூடாது என்பது வார்டு வழக்கம். ஆகையால் இந்த மனுவைத் தங்களிடம் நேரில் தருபவர் என் சம்பந்தி அம்மாள். எழுத்தில் ஆணையிட நேரம் ஆகுமென்றால், அவரைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தாலும் போதும். படத்தின் மிச்ச மூன்று மூலைகளை அவரே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்.

இடம்: மருத்துவமனை வளாகம்
நாள்: பேத்தி பிறந்த மூன்றாம் நாள், முற்பகல்

தங்கள் உத்தரவுக்குக் கை கழுவிக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
சலவைக் கிடங்குப் பணியாளர்
மூன்றாம் தளத்தில் கேட்டால் ‘அடுப்பண்ணன்’ என்பார்கள்